குலுக்கை இருந்த மூலை

ராக்கு பேசி ஊரில் யாரும் அதிகம் கேட்டதில்லை. ஊரணிக்கரையில் நாலு பெண்கள் கூடி நின்றால் அவள் குடத்தைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொள்வாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாய்தான் அப்படியே தவிர, கண் சும்மா இருக்காது. யார் வீட்டுக் கோழி யார் வீட்டு வைக்கோற்படப்பில் முட்டையிடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்டதில்லை.

உப்பூருக்கு மேற்கே, கடற்காற்று அடிக்கிற நாளில் உதட்டில் உப்புக் கரிக்கும் தூரத்தில் இருந்தது அவர்கள் ஊர். மழை பெய்தால் நெல். பெய்யாவிட்டால் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ராக்குவும் அவள் புருஷன் கூத்தையாவும் கொஞ்சம் வயலும் ஒரு மிளகாய்க் கொல்லையும் வைத்துப் பிழைத்தார்கள். மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒரே ஒரு நீள அறை, அதை ஒட்டி அடுப்படிக்கு ஒரு சாய்ப்பு. அவ்வளவுதான் வீடு.

அந்த வீட்டுக்குள் இல்லாத பொருள் கிடையாது. கூத்தையா எதையும் வெளியே போடமாட்டார். முறிந்த நுகத்தடி, கிணற்று நீர் இறைத்துத் தோல் கிழிந்த கமலைச் சால், கம்பி மட்டும் மிஞ்சிய குடை, ஓட்டைப் பானைகள், அடி போன மண்ணெண்ணெய்த் தகரங்கள், சாக்குக்கு மேல் சாக்கு. ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் புயலில் எங்கிருந்தோ பறந்து வந்து வயலில் குத்திட்டு நின்ற கூரைத் தகரம் ஒன்றைக்கூடத் தலையில் சுமந்து வந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"அது எதுக்கு நமக்கு?" என்று ராக்கு ஒரு தடவை கேட்டாள்.

"உடையவன் தேடிக்கிட்டு வந்தா என்ன சொல்லுவ?"

புயல் ஓய்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. உடையவன் வரவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது குலுக்கை. வைக்கோல் கலந்து பிசைந்த மண்ணால் வளையம் வளையமாக ஆள் உயரத்துக்கு எழுப்பிய நெற்களஞ்சியம். தென்மேற்கு மூலையில், வீட்டுக்குள்ளேயே கட்டியது. வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாது. மேலே இருக்கும் வாய் வழியாக நெல்லைக் கொட்டி, அடியில் இருக்கும் துளை வழியாக எடுப்பார்கள். ஆனால் அதில் நெல் கொட்டி வெகுகாலம் ஆயிற்று. விளைகிற நெல் இப்போதெல்லாம் நாலைந்து மூட்டைக்குள் அடங்கிவிடுகிறது.

குலுக்கைக்கு நேர் மேலே, விட்டத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கியது. அது மூத்த மகள் இராமலட்சுமியினுடையது. ஊரில் வாந்திபேதி கண்ட வருஷம், ஏழு வயதில் போனவள். கல்யாணமாகாமல் போகிற பெண் அந்தப் பக்கத்து வீடுகளில் கன்னிச்சாமி ஆகிவிடுகிறாள். அவளுக்கென்று ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு. தைப்பொங்கலுக்கு மறுநாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, விளக்கேற்றி, பெட்டியை இறக்குவார்கள். புதுப் பாவாடையை உள்ளே வைத்துவிட்டுப் போன வருஷத்ததை எடுத்து இளையவளுக்குக் கட்டிவிடுவார்கள். இளையவள் பூமயிலுக்கு அக்காவின் முகம் ஞாபகம் இல்லை. ஆனாலும் அக்கா கொடுத்த பாவாடைகளைக் கட்டித்தான் வளர்ந்தாள். அவள் வளர வளரப் பெட்டிக்குள் இருந்த பாவாடையும் நீளமாகிக்கொண்டே போயிற்று.

அந்தப் பூமயில் இப்போது பரமக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள்.

மாசி மாதம் அவளுடைய மாமியார் சேதுலட்சுமி வந்தாள். உப்பூர்ப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட தேங்காயை உடைத்துவிட்டு, வந்தது வந்தோம், சம்பந்தி வீட்டையும் ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. பாய் விரிக்க ராக்கு ஒரு சாக்கை நகர்த்தினாள். சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கருந்தேள் வாலைத் தூக்கிக்கொண்டு சேதுலட்சுமியின் காலைப் பார்த்து ஓடிவந்தது. கூத்தையா செருப்பால் அடித்தார். சேதுலட்சுமி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

"என்ன மதினி, இது வீடா, சந்தை முடிஞ்ச பொட்டலா?" என்று சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. "தப்பா எடுத்துக்கிறாதீக. தலைப்பிள்ளை தாய்வீட்டுலதான் பெறணும், நான் மாட்டேங்கல. ஆனா பூமயிலுக்கு எங்கன பாய் விரிப்பீக? குலுக்கைக்கு மேலயா?"

ராக்கு முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இடத்துக்கு என்ன தங்கச்சி," என்றார் கூத்தையா. "மனசுல இடம் இருந்தாப் பத்தாதா?"

"மனசுல பாய் விரிக்க முடியாதுண்ணே. பச்ச உடம்பும் பச்சப் பிள்ளையுமாக் கெடக்கும். தேளு கேட்டுக்கிட்டா கடிக்கும்?" சேதுலட்சுமி தண்ணீரை வாங்கி நின்றபடியே குடித்தாள். "ஒம்போதாம் மாசம் சோறாக்கிக் கொண்டாங்க, நல்லாச் சாப்பிடுறோம். பிள்ளைய அனுப்புறத மட்டும் நான் ஒருக்கா வந்து வீட்டப் பாத்துட்டுச் சொல்றேன். சரிப்படலையா, எங்க வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறேன்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது ராக்குவுக்குத் தெரிந்தது. அதனால்தான் அதிகமாக வலித்தது. பூமயில் ராக்குவை உரித்து வைத்த பெண். தாகம் எடுத்தாலும் யாராவது கேட்கட்டும் என்று இருப்பவள். வலி எடுத்த நேரத்தில் மாமியார் வீட்டில் ஒரு வாய் வெந்நீர் கேட்க அவளுக்கு நாக்கு எழுமா? கத்த வேண்டிய இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாளே. கிடந்து, ஏதாவது ஆகிவிட்டால்? ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் ராக்கு.

மறுநாள் கூத்தையா கொல்லைக்குப் போனதும் அவள் ஆரம்பித்தாள். நுகத்தடியை இழுத்து வேப்பமரத்தடியில் போட்டாள். கமலைச் சாலைப் போட்டாள். சாக்குகளை உதறிக் குவித்தாள். உச்சிவெயில் வரை இழுத்தாள். சாயங்காலம் கூத்தையா வந்தார். குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். மறுநாள் அவள் வெளியே போட்டாள். அவர் உள்ளே வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன ராக்கு, வீட்டுக்கு வாந்திபேதியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது யாரிடம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமான புதிதில் கூத்தையா இப்படி இல்லை. இராமலட்சுமி போன பிறகுதான் அவர் கையிலிருந்து எதுவும் விலகாமல் ஆயிற்று. இது ராக்குவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமோ என்னவோ.

பங்குனியில் மிளகாய் வற்றலை விலைக்குப் போட உப்பூர் சாலையிலிருக்கும் வாவு முகம்மதுவின் கடைக்குப் போனாள். வருஷக்கணக்காகப் போகிற கடைதான். அன்றைக்கு வேறு கண்ணால் பார்த்தாள். ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் இடம். அதற்குள் கருவாடு முதல் கற்பூரம் வரை இருந்தது. வாவு முகம்மது நடுவில் ஒரு சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், எதற்கும் எழுந்திருக்கவில்லை. உப்பும் புளியும் கைக்கு அருகில். வாரம் ஒருமுறை விற்கிற சாமான் தோள் உயரத்தில். கயிறும் முறமும் அரிக்கேன் சிம்னியும் தலைக்கு மேலே தொங்கின. கொக்கிக் கம்பால் எடுத்தார். பண்டிகைச் சாமான் கூரைக்கு அடியில், பரணில். மூட்டைகள்கூடச் செங்கல் அடுக்கிப் போட்ட பலகை மேல் இருந்தன. தரையில் ஒன்றும் இல்லை. தரையில் ஒன்றும் இல்லாததால் கூட்டிப் பெருக்க முடிந்தது. பெருக்க முடிந்த இடத்தில் தேளுக்கு என்ன வேலை?

"என்ன ராக்கு, கடைய வெல பேசப் போறியா? இந்தப் பார்வை பாக்குற?"

ராக்குவுக்கு முகம் சிவந்தது. "இல்ல மொதலாளி. தரையில ஒண்ணுமே இல்லையேன்னு…"

"தரை எனக்கு ஒக்கார. சரக்குக்குத்தான் ஆகாசம் கெடக்குல்ல."

அவள் போகாமல் நின்றாள். மூட்டைப் பலகையின் ஓரத்தில் ஒரு தேயிலைப் பெட்டி காலியாகக் கிடந்தது. கொழும்பிலிருந்து வந்த பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. எலிப்பல் ஏறாது.

"அந்தப் பெட்டி சும்மா கெடக்குதுன்னா… பூமயிலு வாரா. பேறுகாலத்துக்கு."

அவள் அந்தக் கடையில் பேசிய பேச்சிலேயே அதுதான் நீளமானது. வாவு முகம்மது பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்க தாயி. அல்லா நல்லபடியாக் குடுக்கட்டும். பிள்ள பொறந்தா வந்து சத்தமாச் சொல்லு. நீ பேசுற பேச்சு ஒனக்கே கேக்குமான்னு எனக்குச் சந்தேகம்."

வீட்டுக்கு வந்தவள் பொருளை வெளியே இழுக்கவில்லை. வேப்பமரத்தடி மண்ணில் விரலால் கோடு கிழித்தாள். நீளமாக ஓர் அறை, ஒட்டி ஒரு சாய்ப்பு, வாசல். உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கிப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்த்தாள், நகர்த்தினாள், எடுத்தாள்.

கூத்தையா மாட்டைக் கட்டிவிட்டு வந்து பார்த்தார். "என்ன புள்ள, இந்த வயசுல பாண்டி ஆடுறியா? நானும் நொண்டியடிச்சு வரட்டுமா?"

"மிதிச்சிறாதீங்க. இது நம்ம வீடு."

அவர் குந்தி உட்கார்ந்தார்.

"இது அடுப்பு. இது தண்ணிப்பானை. இது பூமயிலு படுக்க," என்று நீளமான ஓர் ஓட்டைக் காட்டினாள். "நான் ஒண்ணையும் வெளிய போடல. ஒவ்வொண்ணுக்கும் எங்கன இடம்னு நீங்க ஓட்ட வச்சுக் காட்டுங்க. இடம் இருக்குறது இருக்கட்டும்."

கூத்தையா இதென்ன பிரமாதம் என்று உற்சாகமாகத் தொடங்கினார். நுகத்தடிக்கு ஓர் ஓடு. சாலுக்கு ஓர் ஓடு. சாக்குக்கு நாலு ஓடு. ஓடு வாசலை அடைத்தது. எடுத்தார். அடுப்பை மறித்தது. எடுத்தார். பூமயிலின் ஓட்டின் மேல் ஓர் ஓட்டை வைக்கப்போய் அவராகவே கையை இழுத்துக்கொண்டார். கடைசியில் வெகுநேரம் ஒரு சின்ன ஓட்டைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார்.

"குடைக்கம்பிக்குத்தான் இடம் அமையல."

ராக்கு அழிந்த கோட்டை விரலால் திரும்ப இழுத்தாள்.

"சரி, குடைக்கம்பிய விடு," என்று ஓட்டைத் தூக்கி எறிந்தார்.

குடைக்கம்பி போன வழியில் மற்றவையும் போயின. நுகத்தடி அடுப்புக்கும், இரும்பெல்லாம் கொல்லன் பட்டறைக்கும், மக்கிய சாக்கு எருக்குழிக்கும் போயிற்று. புயலில் வந்த தகரத்தை மட்டும் அவர் விடவில்லை. அதைத் தண்ணீர்ப் பானைகளுக்கு மேலே வெயில் படாமல் கூரையாகக் கட்டினார். "உடையவன் வந்தா அவுத்துக் குடுத்துக்கிருவம்." துண்டுக் கயிறுகளை முடைந்து ராக்கு உறி கட்டினாள். அன்றாடம் எடுக்கிற உப்பும் மிளகாயும் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் குடைந்த மாடப்பிறையில். கருப்பட்டிப் பானையும் விறகும் அடுப்புப் புகை படும் பரணில். புகை பட்டால் பூச்சி அண்டாது. துணிமணி மூங்கில் கொடியில். விதை மிளகாயும் பழந்துணியும் தேயிலைப் பெட்டிக்குள், பெட்டி செங்கல் மேல். தரை வெளியே வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ராக்கு அதைச் சாணியிட்டு மெழுகினாள்.

மெழுகிக் காய்ந்ததும் பூமயில் படுக்க வேண்டிய இடத்தில் தானே படுத்துப் பார்த்தாள். காற்று அடிக்காத, வெளிச்சம் கண்ணைக் குத்தாத மூலை அது ஒன்றுதான். காலை நீட்டினாள். குலுக்கையில் இடித்தது.

"குலுக்கைய…" என்று தொடங்கினாள்.

"அது மட்டும் வேணாம்," என்றார் கூத்தையா. சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குலுக்கையை உடைத்தால் குடி உடையும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அதற்காகச் சொல்லவில்லை. நெல் தீர்ந்து அடியில் கொஞ்சம் தங்கும்போது, அதைக் கூட்டி அள்ளச் சின்னப் பிள்ளைகளைத்தான் மேல்வாய் வழியாக உள்ளே இறக்குவார்கள். அவர் இராமலட்சுமியை இறக்குவார். அள்ளி முடித்ததும் உள்ளேயிருந்து, "அய்யா, தூக்குங்க!" என்று குரல் வரும். மண்ணில் மோதிப் பெரிய மனுஷிக் குரலாக வரும். இவர் தூக்கமாட்டார். "யாரு பேசுறது, நெல்லா?" என்பார். "நெல்லு இல்லய்யா, நானு!" என்று அது கத்தும். வீடே சிரிக்கும். அந்தக் கேள்வியை அவர் பிறகு பூமயிலிடம்கூடக் கேட்டதில்லை.

சித்திரை பிறந்ததும் ஊரில் பேறு பார்க்கிற பாண்டியம்மாளை ராக்கு அழைத்து வந்து காட்டினாள். பாண்டியம்மாள் இடத்தைக் கையால் அளந்து பார்த்தாள். "பத்தும் ராக்கு. கால நீட்டிக்கிட்டா பெறப்போறா? மடக்கித்தான் பெறுவா." அப்புறம் அண்ணாந்து பார்த்தாள். "ஏத்தா, மேல பெட்டி தொங்குதே."

ராக்குவும் அண்ணாந்தாள்.

"கன்னிக்குக் கீழ தீட்டாகலாமா? அதுவும் கூடப் பொறந்தவ. தங்கச்சி கத்துறதக் கேட்டுக்கிட்டு அது எப்பிடி இருக்கும்? வேற எங்கன வைக்கப் போற?"

ராக்கு வேப்பமரத்தடிக்குப் போனாள். கோடு பாதி அழிந்திருந்தாலும் ஓடுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. உப்புக்கு ஓர் ஓடு இருந்தது. விளக்குமாற்றுக்கு ஓர் ஓடு இருந்தது. இராமலட்சுமிக்கு இல்லை. ராக்கு தினமும் அந்தப் பெட்டியை ஒட்டித்தான் நடக்கிறாள். எல்லாவற்றையும் பார்க்கிற கண் அவளுடையது. அந்தக் கண் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டது.

அந்தப் பதற்றத்தில்தான் அவள் தப்புச் செய்தாள். சாய்ப்பில் வைத்தால் பெட்டிக்குப் புகை. மாட்டுக்கொட்டில் ஆகாது. அடுத்த வீட்டில் கொடுப்பதா, பெற்ற பிள்ளையை? குலுக்கை கண்ணில் பட்டது. தடித்த சுவர், மேலே மூடி. தீட்டு உள்ளே புகாது. அதோடு பெரியவளுக்குப் பழகிய இடம்தானே என்றும் மனதுக்குள் ஒன்று சொல்லிற்று. உரலை நகர்த்தி ஏறினாள். தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை, விளக்கேற்றவில்லை. பொங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை; வெறும் ஒரு செவ்வாய்க்கிழமை. பெட்டியை அவிழ்த்துக் கயிற்றோடு உள்ளே இறக்கி மூடிவிட்டாள்.

சாயங்காலம் கூத்தையா வந்தார். காலைக் கழுவிவிட்டு உள்ளே நுழையும்போது விட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். அப்படிப் பார்ப்பது அவருக்கே தெரியாது, ராக்குவுக்குத் தெரியும். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"பெட்டி எங்க?"

ராக்கு கையைக் காட்டினாள்.

"குலுக்கைக்குள்ளயா?" அவர் குரல் உயரவில்லை. "தலைக்கு ஊத்துனியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"விளக்கு வச்சியா?"

அதற்கும் தலையாட்டினாள். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவர் வெளியே போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். ராக்குவும் பின்னால் போய் ஊற்றிக்கொண்டாள். இருவரும் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள். அவள் விளக்கேற்றினாள். அவர் உரல் மேல் ஏறி மூடியை எடுத்துவிட்டு, தலையையும் தோளையும் குலுக்கையின் வாய்க்குள் விட்டார். ராக்குவுக்கு அவர் ஈர முதுகு மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

"யாரு பேசுறது," என்று உள்ளேயிருந்து கேட்டது. "நெல்லா?"

குரல் மண்ணில் மோதிப் பெரிதாக வந்தது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இரு ஆத்தா, தூக்குறேன்," என்றார்.

பெட்டியோடு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துத் துண்டால் துடைத்தார். அடியில் ஓலைப் பின்னலுக்குள் பழைய நெல் இரண்டு சிக்கியிருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"கடைசியா இறக்கிவிட்டது ஞாபகம் இருக்கு புள்ள. மறுவாரம் பேதி கண்டுச்சு. தூக்குனது ஞாபகமே இல்ல. எத்தனையோ தரம் நெனச்சுப் பாத்துட்டேன். தூக்கித்தான் இருப்பேன், தூக்காம எப்பிடி? ஆனா ஞாபகம் இல்ல. அவ உள்ளயே நின்னுக்கிட்டு இருக்காப்புல…" முகத்தைத் துண்டால் அழுத்தினார். "இப்பத் தூக்கிட்டேன்."

ராக்கு பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தாள். சாய்ப்பில் உலை கொதித்து வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

காலையில் கடப்பாறையை எடுத்தவர் கூத்தையாதான். முதல் இடி இடிக்கும் முன்பு சொன்னார்: "உடைக்கிறேன். மண்ண வெளிய கொட்டமாட்டேன்."

"கொட்ட வேணாம்," என்றாள் ராக்கு. அவர் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்படி அவள் அவரை வெளியில் வைத்துத் தொட்டு இழுத்ததில்லை. கோட்டைப் புதிதாகக் கிழித்தாள். முதல் ஓட்டை எடுத்து அறையின் வடபாதியில் வைத்தாள். "இது பெரியவ." அப்புறம் அறைக்குக் குறுக்கே விரலால் ஒரு கோடு. "இங்கன ஒரு சுவரு. அதே மண்ணுல. அந்தப் பக்கம் பூமயிலு. இந்தப் பக்கம் பெட்டி. ரெண்டும் வீட்டுக்குள்ள இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு படாது."

கூத்தையா கோட்டையே பார்த்தார். "மண்ணு பத்தாதே."

"கம்மாயில மண்ணுக்கா பஞ்சம்?"

குலுக்கை உடைந்து தண்ணீரில் ஊறியது. கண்மாய் மண்ணும் புது வைக்கோலும் சேர்த்து இருவரும் மிதித்தார்கள். சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. ஈரம் காயுமுன்பே பூமயில் படுக்கிற பக்கத்தில் ராக்கு பிறைகள் குடைந்தாள். தான் படுத்துக் கையை நீட்டி, கை எட்டுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துக் குடைந்தாள். ஒன்று தண்ணீர்ச் செம்புக்கு. ஒன்று விளக்கெண்ணெய்க்கு. ஒன்று பிள்ளைத் துணிக்கு, ஒன்று பெற்றவள் தின்னும் காய மருந்துக்கு. படுத்திருக்கிறவள் எதையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்கக் கூசுகிற ஒருத்திக்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா?

சித்திரை கடைசியில் சேதுலட்சுமி சொன்னபடி வந்தாள். வாசலில் நின்று முதலில் தரையைத்தான் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அடுப்படி, பரண், கொடி எல்லாவற்றையும் பார்த்தாள். சுவரைச் சுற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு பிறைக்குள்ளும் கையை விட்டுத் துழாவினாள்.

"தேளு இருக்கான்னு பாக்குறியா தங்கச்சி? நேத்தே சொல்லிவிட்டுட்டோம், போயிருச்சு," என்றார் கூத்தையா.

"ஒங்க வாய்க்கு மட்டும் மதினி இன்னும் பிறை தோண்டல," என்றாள் சேதுலட்சுமி. "சரிண்ணே, அந்தக் குலுக்கை எங்க?"

கூத்தையா சுவரைத் தட்டிக் காட்டினார். "இந்தா நிக்குதுல்ல."

அவள் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் புது இடத்தில் தொங்கிய பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். தலையிலிருந்த பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளிப் பெட்டியின் கயிற்றில் செருகினாள்.

"வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு மதினி. சோத்த ஆக்கிக்கிட்டு வந்து பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க."

வைகாசியில் பூமயிலுக்கு வலி கண்டது. விடியலில் தொடங்கி வெயில் ஏறும் வரை நீடித்தது. தாய் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கூச்சமில்லாமல் கத்தினாள். மாமியார் வீட்டில் அப்படிக் கத்தியிருக்கமாட்டாள். கூத்தையா வேப்பமரத்தடியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். கடைசியில் தாங்கமாட்டாமல் உள்ளே வந்து, சுவருக்கு இந்தப் பக்கம், பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டார்.

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு வீல் என்று ஒரு குரல் எழுந்து, கூரையில் பட்டுச் சுவரைத் தாண்டி வந்தது.

கூத்தையா சுவரில் கையை ஊன்றினார். தொண்டையைச் செருமினார்.

"யாரு பேசுறது," என்றார். "நெல்லா?"

பாண்டியம்மாளுக்கு விளங்கவில்லை. பூமயிலுக்கும் விளங்கவில்லை. கையில் இரத்தமும் கண்ணில் நீருமாக இருந்த ராக்குவுக்கு விளங்கியது.

"நெல்லு இல்ல!" என்று கத்தினாள். "பேத்தி!"

அந்தச் சத்தம் ஊரணிக்கரை வரை கேட்டது என்று அங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் போட்ட சத்தம் என்று முதலில் அவர்களுக்குத் தெரியவில்லையாம்.